குச்சியின் சிவப்பு நுனி

12 செப்டம்பர் 2025, வெள்ளி.

நேற்றைய பக்கத்தில் ஒரு தவறு. 6.10 என்று எழுதியிருக்கிறேன். சுவர்க் கடிகாரத்தில் 6.12. மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி. நம்பாவிட்டால் போகட்டும்; நானே மூன்று முறை சந்தேகப்பட்டுவிட்டேன்.

நேற்று மாலை ஜெர்மன் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு ஆர்.எஸ்.புரம் கிளினிக்குக்குப் போயிருந்தேன். எட்டு மாதம் முன்பு, சூலூர் ரோட்டில் பைக் ஓட்டியவன் நான். பின்னால் என் தங்கை இனியா. லாரி இடித்தது. அந்த இடத்திலேயே போய்விட்டாள் என்றார்கள். அன்று கிளம்பும்போது நகப்பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு வெரல்தாண்ணா ஆச்சு."

"உன் வெரலை எவன் பாக்கப் போறான். ஏறு."

அவளிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

கிளினிக்கின் மனநல ஆலோசகர் கீதா மேடம் ஒரு நீளக் குச்சியை என் கண்முன் மெல்ல நகர்த்தினார். நுனி சிவப்பு. எந்த இடத்தைப் பார்க்கும்போது வலி கூடுகிறதோ, அங்கேயே பார்வையை நிறுத்த வேண்டும். அதுதான் சிகிச்சை. இடப்பக்கம், சற்றுக் கீழே, நெஞ்சு அடைத்தது.

"அங்கயே பாருங்க சபரீஷ்."

பார்த்தேன்.

6.12. இடது தோள் கனத்தது. பைக்கில் அவள் பிடிக்கும் இடம்.

6.15. பெட்ரோல் வாசம். ஏசி அறையில்...

6.19. சிவப்பு நுனி நடுங்கியது.

"கை வலிக்குதுங்களா மேடம்? குச்சி ஆடுதுங்க."

நுனியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டேன்.

பிறகு, வலப்பக்கத்திலிருந்து அவர் குரல்.

"குச்சிய அப்பவே கீழ வெச்சுட்டேனுங்க."

திரும்பினேன். குச்சி மேசைமேல்.

மறுபடி இடப்பக்கம்...

வெறும் சுவர்.

இன்று மாலை வேலனுக்குப் போன் செய்தேன். அன்று எங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன ஆட்டோக்காரர். இதுவரை அவரிடம் பேசத் துணிந்ததில்லை.

"அந்த இடத்துலயேன்னு யாருங்க தம்பி சொன்னாங்க? பாப்பா பத்து நிமிசம் உசுரோட இருந்துச்சுங்க. நீங்க மயங்கிக் கெடந்தீங்க. அதுக்குப் பேச்சு வரலை. வெரலை நீட்டி உங்களையே காட்டிட்டு இருந்துச்சு, மொதல்ல உங்களைத் தூக்கச் சொல்லி. கை நடுங்குச்சு, கீழ போடலைங்க."

எந்தப் பக்கம் கிடந்தாள் என்று கேட்டேன்.

"உங்களுக்கு எடப்பக்கமுங்க. கொஞ்சம் கீழ, பள்ளத்துல."

நகத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"ஒத்த வெரல்ல மட்டும் செவப்புச் சாயமுங்க. இன்னும் என் கண்ணுலயே நிக்குது."

நாளை: காலை பத்து மணிக்குக் கிளினிக்குக்குப் போன் செய்ய வேண்டும். அடுத்த முறையும் இடப்பக்கமே வேண்டும் என்று சொல்ல வேண்டும்.