ஷேடு கார்டில் ஒன்பதாவது துண்டு

ராமுத்தாயின் தம்பி சாமியப்பன் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுப் பெருமாநல்லூர் பனியன் கம்பெனிக்குத் துணி மடிக்கப் போனவன். பத்து வருஷத்தில், வெளிநாட்டுக் குழந்தைகள் போடும் சட்டைகளுக்கு அவன்தான் டிசைன் போட்டான். ராமுத்தாய்க்கு அதே கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரு பிசிறு நூல்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது.

கம்பெனியின் சாயப்பட்டறை ஆற்றில் விட்ட கழிவால், ஆற்றோரத்தில் இருந்த அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் இரண்டு வருஷமாகச் சாயத் தண்ணீர் ஊறியது. எந்த வாரம் என்ன நிறம் என்று ராமுத்தாய் காலண்டரில் குறித்து வந்தாள். முதலாளி மயில்சாமியிடம் சாமியப்பன் சொல்லிப் பார்த்தான். "நீ டிசைனை மட்டும் பாரப்பா" என்றுவிட்டார்.

சரி, டிசைனிலேயே காட்டுவோம் என்று தோன்றியது அவனுக்கு. சட்டை வாங்கும் பையர் நிறம் தேர்ந்தெடுக்கச் சாயத் துணித் துண்டுகளை ஒட்டி அனுப்பும் அட்டைதான் ஷேடு கார்டு. எட்டுத் துண்டு ஒட்டவேண்டிய அதில் ஒன்பது ஒட்டினான். ஒன்பதாவது, மூன்று நாள் கிணற்றில் ஊறிய வெள்ளைத் துணி. இது என்ன என்று யாராவது கேட்டால் சொல்லிவிடலாம்.

"இத்தன அழகா ஒட்டுனா யாரு கேப்பாங்க கண்ணு?" என்றாள் ராமுத்தாய்.

அவள் சொன்னபடியே ஆயிற்று. பையருக்காக மெட்ராஸிலிருந்து வந்த ஏஜென்ட் அம்மா ஒன்பதாவதில் விரல் வைத்து, "இந்த ரோஸ்தான். அறுபதாயிரம் பீஸ்" என்று எழுதிக்கொடுத்துவிட்டார். சாயப்பட்டறையில் நான்கு முறை முயன்றும் அந்த நிறம் வரவில்லை. பத்தாம் நாள் அந்தம்மாவே நேரில் வந்து உட்கார்ந்தார்.

"இந்தக் கலருக்குச் சாய ரெசிபி எங்கப்பா?" என்றார் மயில்சாமி.

உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ஆர்டர் போகும், பிறகு வேலையும் போகும். தூக்கிவந்த பீஸ் கட்டை இறக்காமல் ராமுத்தாய் வாசலிலேயே நின்றாள்.

"எங்க கெணத்துலங்க" என்றான் சாமியப்பன்.

"என்னப்பா, நக்கலா?"

"இல்லீங்க. கெணத்துல முக்குன துணிங்க அது. இப்பப் போனா அந்தக் கலரு கெடைக்காதுங்க."

"செவ்வாக்கெழமையிலிருந்து பச்சைங்க" என்றாள் ராமுத்தாய், தன்னை அறியாமல்.

ஏஜென்ட் அம்மா அட்டையிலிருந்து விரலை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டார். "இதையா குடிக்கிறீங்க?"

"எங்களுக்கு லாரித் தண்ணி வருதுங்க. மாடு இதத்தானுங்க குடிக்குது."

ஏஜென்ட் அம்மா அட்டையைத் தள்ளி வைத்தார். பிறகு கேட்டார்: "சாயமே போடாத துணியில, தையல்லயே டிசைன் காட்ட முடியுமா?"

"ரெண்டு நாள் குடுங்க" என்றான் சாமியப்பன்.

அவர் கார் ஏறியதும் மயில்சாமி நெற்றியைத் துடைத்தார். ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. "ஏம்மா, உந்தம்பி இத வாயில சொல்லியிருக்கலாமில்ல?"

"மூணு தடவ சொன்னானுங்க. தேதி வேணுங்களா?"

மயில்சாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. "போம்மா, ரெண்டு பேரும் போயி வேலயப் பாருங்க." 'வேலை' என்ற சொல்லைக் கேட்ட பிறகுதான் ராமுத்தாய் பீஸ் கட்டைக் கீழே இறக்கினாள்.

அடுத்த ஷேடு கார்டிலும் கிணற்றுத் துண்டு இருந்தது. இந்த முறை சாமியப்பன் அதைக் கோணலாக ஒட்டி, 'எங்கள் கிணற்றுத் தண்ணீர்' என்று பேனாவால் அடியில் எழுதியிருந்தான். கோணல் என்றால் எதையும் திருப்பி அனுப்பும் ராமுத்தாய், அதை மட்டும் பாஸ் போட்டாள்.