சாளை வந்த நாளில் மணி அடிக்காத போன்

1. வட்டம் சுற்றிய காலை

"பிள்ளே, வட்டம் சுத்திக்கிட்டே கெடக்கு. மீனு நாறுகதுக்கு முன்ன உங்க மெஷினு பதில் சொல்லுமா, சொல்லாதா?"

ஏலக்காரர் சூசையப்பன் அண்ணன் அன்று காலை போனில் கேட்டது இது. எதிரே இருந்த கம்ப்யூட்டர் திரை முழுக்கச் சிவப்பாக இருந்தது. ஒரு போனை வைத்தால் அடுத்தது அடித்தது. எல்லாருடைய புகாரும் ஒன்றுதான், பதிவு போகவில்லை, போன் திரையில் வட்டம் மட்டும் சுற்றுகிறது.

எங்கள் ஆபீஸ் கோட்டாற்றில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருக்கிறது. கடற்கரை மீன் ஏலத்தைப் போனில் பதிவு செய்யும் ஆப்பை நடத்துகிறோம். முதலாளி செல்வின் சார். புரோகிராம் எழுதுவது அனிஷா. சப்போர்ட் போன் என்னுடையது. பள்ளிக்கூடப் படிப்பும் டைப்ரைட்டிங்கும் முடித்து டேட்டா என்ட்ரிக்கு வந்த நான் இந்த நாற்காலியிலேயே தங்கிவிட்டேன். நேரில் நாலு பேர் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். போனில் முகம் தெரியாததால் சமாளித்துவிடுவேன்.

போனை வைப்பதற்கு முன் சூசையப்பன் அண்ணன் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். "அடுத்த மட்டமும் இப்பிடி ஆச்சுண்ணா நாங்க பழையபடி நோட்டுக்கே போயிருவோம், கேட்டியா. புது நோட்டு வாங்கியாச்சு."

அவர் சத்தம் போட்டிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். அவர் போனால் அந்தக் கரை முழுக்கப் போகும். அந்தக் கரை போனால் மற்றக் கரைகளும் நிற்காது. ஆபீஸும் நிற்காது.

2. திங்கட்கிழமைக்கு வைத்த பந்தல்

எங்கள் டேட்டாபேஸ் கிளவுடில் இருக்கிறது. ஒரு நொடிக்கு இத்தனை பதிவு எழுதலாம் என்று அளவு வைத்து அதற்கு வாடகை கட்டுகிறோம். அந்த அளவுக்குப் பெயர் ரைட் கெப்பாசிட்டி. அதைத் தாண்டி வரும் பதிவை டேட்டாபேஸ் திருப்பி அனுப்பிவிடும். அதை த்ராட்டில் என்பார்கள். கரையில் வட்டம் சுற்றுவது அதனால்தான்.

முதலில் கெப்பாசிட்டியைப் பெரிதாக்கி வைத்தோம். வட்டம் நின்றது, பில் வந்தது. செல்வின் சார் அதைப் பார்த்துவிட்டு, "இன்னொரு மாசம் இப்பிடி வந்துதுண்ணா நான் கீழ அப்பாக்க பாத்திரக்கடையில போயி குத்துப்போணி வித்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அன்று அவர் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்கவில்லை. பெரும்பாலான நாட்களில் கரை காலியாகக் கிடக்கும். காலிக் கரைக்கும் பெரிய வாடகையே கட்டிக்கொண்டிருந்தோம்.

பிறகு ஆட்டோ ஸ்கேலிங் போட்டோம். கூட்டம் வந்தால் அளவு தானாகக் கூடும், போனால் குறையும். அதற்குக் கூட்டம் வந்தது புரிவதற்கே சில நிமிடம் ஆகும். கரையில் ஏலம் அதற்குள் பாதி முடிந்திருக்கும். பந்தி முடிந்த பிறகு வாழை இலை வந்த மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை, திங்கட்கிழமை நிறைய வள்ளம் வரும் என்று கணக்குப் போட்டு, திங்களுக்கு மட்டும் கூட்டி வைத்தோம். மீன் புதன்கிழமை வந்தது. சூசையப்பன் அண்ணன் போன் செய்த அந்தக் காலை அதுதான்.

பதிவுக்குப் பதிவு காசு கட்டும் முறையும் உண்டு. அனிஷா அதையும் கணக்குப் பார்த்தாள். கூட்டம் வரும் நாட்களில் வந்து குவியும் பதிவுகளுக்கு அதுவும் கட்டுப்படியாகவில்லை. "விக்கிற மீனைவிட பதிவு ஏன் இவ்வளவு கூடுதலா வருது?" என்று அவள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, கரையில எது உடனே தெரியணும், எது கொஞ்சம் காத்து நிக்கலாம், இது எனக்குத் தெரியணும். நான் போயிக் கேட்டா ஆபீஸ் ஆளுன்னு மரியாதையா என்னவாவது சொல்லி அனுப்பிருவாங்க. உங்க சத்தம் அவங்களுக்குப் பழக்கம். நீங்க போங்க."

இரண்டு நாள் காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். மூன்றாம் நாள் பஸ் ஏறினேன்.

3. கரையில் முறை

மண்டைக்காட்டைத் தாண்டி இறங்கி, ஏலக்கூடத்தின் தூண் ஒன்றை ஒட்டி நின்றேன். மீன் வாங்க வந்த திரேசக்கா நான் வாயைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

"ஏட்டி, நீதானா அந்த போன்ல பேசுக பிள்ள? சத்தத்தைக் கேட்டு சின்னக் குட்டியாக்கும்ணு நினைச்சேன். தலை நரைச்சாச்சே."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. ஆனால் அதற்குப் பிறகு யாரும் என்னை அந்நியமாகப் பார்க்கவில்லை.

ஒரு குவியல் நெத்திலி ஏலம் போனது. விலை முடிந்ததும் வள்ளத்துக்காரரின் மகன் போனை எடுத்துப் பதிந்தான். வாங்கிய திரேசக்காவுக்காக அவர் மருமகளும் அதே விற்பனையைப் பதிந்தாள். வட்டம் சுற்றத் தொடங்கியது. இரண்டு பேரும் திரும்பத் திரும்ப அமுக்கினார்கள். பக்கத்தில் நின்றவரின் போன் நல்ல போன் என்று அதிலும் ஒருமுறை பதிந்தார்கள். ஒரு குவியல் மீனுக்கு எத்தனை பதிவு போயிருக்கும் என்று எண்ணி முடிப்பதற்குள் அடுத்த குவியல் ஏலம் தொடங்கிவிட்டது.

ஒருத்தர் அமுக்கினால் போதாதா என்று கேட்டேன்.

"வள்ளக்காரன் ஒரு கணக்கு சொல்லுவான், நான் ஒரு கணக்கு சொல்லுவேன்" என்றார் திரேசக்கா. "ரெண்டு பேரும் எழுதணும். அதாக்கும் கரையில மொறை. நோட்டு இருந்தப்பவும் அப்பிடித்தான்."

நாங்கள் ஆப் செய்யும்போது விற்றவர் பதிவார் என்று மட்டுமே நினைத்திருந்தோம். வாங்கியவரும் பதிவார் என்று ஆபீஸில் யாருக்கும் தோன்றவில்லை.

ஏலம் ஓய்ந்ததும் சூசையப்பன் அண்ணனிடம் போனேன். வழி நெடுகச் சொல்லிப் பார்த்த கேள்வி அது. பதிந்த கணக்கு எப்போது தெரிய வேண்டும் என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்காமல் ஈர மணலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "வெலை வாயாலயே பேசி உறைச்சாச்சு பிள்ளே. மீனும் போயாச்சு. எழுத்து பைய வந்தா போதும், உச்சைக்கு மேலதான் கணக்குப் பாப்போம். ஆனா 'வாங்கிட்டேன்'ணு போன் ஒரு வாக்கு சொல்லணும். சுத்திக்கிட்டு நிக்கப்படாது. வாக்கு இல்லேண்ணா மனுஷன் அமுக்கிக்கிட்டேதான் இருப்பான்."

4. குளம் வெட்டியது

நான் சொன்னதைக் கேட்டதும் அனிஷா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். நடுவில் ஒரு க்யூ வைக்கலாம் என்று அவளுக்கு முன்பே எண்ணம் இருந்திருக்கிறது. பதிவு நேராக டேட்டாபேஸுக்குப் போகாது. முதலில் க்யூ என்ற இடத்தில் போய்ச் சேரும். அந்த இடத்துக்கு வாடகை மிகக் குறைவு, எவ்வளவு கூட்டம் வந்தாலும் வாங்கிக்கொள்ளும். அங்கிருந்து ஒரு புரோகிராம் சீரான வேகத்தில் எடுத்து டேட்டாபேஸில் எழுதும். கணக்கு உடனே தெரியாவிட்டால் கரையில் சண்டை வருமோ என்று பயந்துதான் அவள் அதை வெளியே சொல்லவில்லை. இப்போது அந்தப் பயம் போய்விட்டது.

அவள் பலகையில் படம் வரைந்தாள். நான் பின்னால் நின்று, "இது குளம்லா" என்றேன். எங்கள் வீடு ஒரு குளத்துக்குக் கீழே, வயல்காட்டில் இருக்கிறது. மழை எப்படிப் பெய்தாலும் வயலுக்கு மடை வழியாக அளவான தண்ணீர்தான் போகும்.

"குளம் நிறைஞ்சு உடைஞ்சுதுண்ணா?" என்று செல்வின் சார் கேட்டார்.

"மறுகால் வைக்கணும் சார்" என்று நானும் அனிஷாவும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

குளத்தில் மிஞ்சும் தண்ணீர் வெளியேறும் வழிதான் மறுகால். மறுகால் என்று நாங்கள் வைத்தது இதுதான்: க்யூவில் தேங்கியது ஒரு அளவைத் தாண்டினால் அலாரம் அடிக்கும், அப்போது மட்டும் டேட்டாபேஸின் அளவு கொஞ்சம் கூடும். கூடவே இன்னொன்றும் செய்தோம். வள்ளத்தின் எண்ணையும் குவியலின் எண்ணையும் சேர்த்து ஒவ்வொரு விற்பனைக்கும் ஒரே அடையாளம் வைத்தோம். எத்தனை தடவை அமுக்கினாலும் அது ஒரே விற்பனைதான். விற்றவர் பதிவும் வாங்கியவர் பதிவும் க்யூவிலிருந்து எடுக்கும்போதே ஒன்றாகச் சேர்ந்து, ஒரே எழுத்தாக டேட்டாபேஸுக்குப் போகும். தொகை ஒத்துவராவிட்டால் மட்டும் தனியே காட்டும்.

பதிவு க்யூவுக்குப் போய்ச் சேர்ந்ததும் போனில் பச்சை எழுத்தில் ஒரு சொல் வரும்: "வாங்கியாச்சு." அந்தச் சொல்லைத் தேர்ந்தது நான்.

கெப்பாசிட்டியைப் பழைய சின்ன அளவுக்கே இறக்கினோம். அதை இறக்கும்போது அனிஷாவின் விரல் மவுஸில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

5. சாளை

அது ஒரு வியாழக்கிழமை. சூசையப்பன் அண்ணனின் கரையில் முதலில் வந்த வள்ளத்துக்குச் சாளை மீன் நல்ல விலைக்குப் போயிருக்கிறது. சேதி வயர்லெஸ்ஸில் கடலுக்குள் பரவியதும் பக்கத்துக் கரைகளுக்குப் போக வேண்டிய வள்ளங்களும் திரும்பி அங்கேயே வந்தன. இதெல்லாம் எங்களுக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது தெரிந்தது திரையில் ஒரு கோடு மட்டும். கரையிலிருந்து வரும் பதிவுகளைக் காட்டும் அந்தக் கோடு நேராக மேலே ஏறியது. அதுவரை அப்படி ஏறி நான் பார்த்ததில்லை.

செல்வின் சார் சாயாவை வைத்துவிட்டு வந்து நின்றார். குளம் பெருகிக்கொண்டே போனது. அதற்குக் கீழே டேட்டாபேஸின் கோடு வரப்பு மாதிரி சமமாகக் கிடந்தது. ஒரு சிவப்புகூட இல்லை. மறுகால் ஒரு முறை திறந்தது, சற்று நேரத்தில் மூடியது.

நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அடிக்கவில்லை. லைன் செத்துவிட்டது என்றே முடிவு செய்து ரிசீவரை எடுத்துக் கேட்டேன். டயல் டோன் இருந்தது. செல்வின் சாருக்கு நம்பிக்கை வராமல் தன் செல்லிலிருந்து அடித்துப் பார்த்தார். மணி அடித்ததும் மூன்று பேரும் துள்ளிவிட்டோம். அனிஷா சிரிக்கத் தொடங்கினாள், நிறுத்த முடியவில்லை.

மத்தியானத்துக்குள் குளம் வற்றியது. எல்லா விற்பனைகளும் டேட்டாபேஸில் இருந்தன, ஒன்றும் தொலையவில்லை. அதன் பிறகுதான் போன் அடித்தது.

"பிள்ளே, ஆபீஸ் இண்ணைக்கு லீவா?" சூசையப்பன் அண்ணன்.

"இல்ல அண்ணே. ஏன்?"

"ஒருத்தரும் உங்களைத் திட்டக் காணோமே, அதான் கேட்டேன்." பிறகு அவரே சொன்னார்: "அந்தப் புது நோட்டு வாங்கினேன்லா, அதைப் பேத்திக்குக் குடுத்துட்டேன். படம் வரைஞ்சுக்கிட்டு இருக்கா."

நான் அதைச் சொன்னதும் செல்வின் சார் படி இறங்கிப் போய்ப் பழம்பொரி வாங்கி வந்தார். அந்த மாத பில் வந்தபோது அவர் மத்தியானச் சாப்பாட்டை மூடி வைக்கவில்லை. இப்போது மற்றக் கரைகளும் அந்தக் குளத்துக்குள்தான் வந்து சேர்கின்றன.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கூட்டம் எப்போது வரும் என்று கணிக்கப் பார்க்காதீர்கள், கடலில் அது நடக்காது. கெப்பாசிட்டியைக் கூட்டுவதற்கு முன்னால், எது உடனே வேண்டும் எது பைய வரலாம் என்று போய்க் கேளுங்கள். காத்து நிற்கும் மனிதனுக்கு ஒரு வாக்கு கொடுத்துவிடுங்கள். வெட்கமாக இருந்தால் தூணை ஒட்டி நின்று கேளுங்கள், அவர்கள் பதில் சொல்வார்கள்.

பெரிய கூட்டம் வரும் நாளில் போன் அடிக்காமல் கிடந்தால் ஒரு தடவை ரிசீவரை எடுத்துப் பாருங்கள். டயல் டோன் கேட்டால் வைத்துவிட்டுச் சாயா குடிக்கப் போகலாம்.