பன்றி வால்வும் ஒரு கையெழுத்தும்

பலெர்மோவின் பணக்காரத் தெருவான லிபெர்த்தாவில் நான் வேலை செய்யும் வீட்டு எசமானி, சிஞ்ஞோராவுக்கு மிருகங்கள் என்றால் உயிர். ஆய்வுகூடத்து எலியைப் பற்றிப் பேசினாலே கண் கலங்கும். சனிக்கிழமைகளில் 'மிருகங்களில் பரிசோதனை வேண்டாம்' என்ற பதாகையோடு நாடக அரங்கின் முன் நிற்பார். பதாகைக்கு இஸ்திரி போடுவது நான். அவர் திரும்பி வருவதற்குள் கன்று ஈரலும் வெங்காயமும் வதக்கி வைப்பதும் நான். அந்தக் கன்று பரிசோதனைக்கா போனது? சட்டிக்குத்தானே வந்தது.

அந்த வருடம் என் கணவருக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போனது. மூன்றாம் மாடியிலிருக்கும் எங்கள் வீட்டுக்கு ஏறும்போது படியின் ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மாற்றாவிட்டால் ஆள் தப்பாது என்றார் டாக்டர். பலெர்மோவில் எங்கள் தமிழ் ஆட்கள் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். வெறுங்காலோடு மலையேறி, ஊரைக் காக்கும் புனிதை சாந்தா ரொசாலியாவிடம் நேர்த்தி வைத்தேன். இவர் தேறும்வரை வீட்டில் மாமிசம் இல்லை.

அடுத்த கிழமை டாக்டர் சொன்னார், வைக்கப்போவது பன்றியின் வால்வு.

எனக்குத் தலை சுற்றியது. சட்டிக்குள் முட்டைகூட விடாமல் நான் காத்த நேர்த்தி, இவர் நெஞ்சுக்குள் பன்றி! செபக்கூட்டத்தில் இதைப் பற்றி வழக்கே நடந்தது. "வாயாலை போனால்தானே நேர்த்தி முறியும். இது நெஞ்சாலை போகுது," என்று ஒரு அக்கா தீர்ப்புச் சொன்னா. இவருக்கோ வேறு கவலை.

"வேலை செய்யுமோ எண்டு முதல்லை ஆரிலை வைச்சுப் பாத்தவையாம்? கேட்டுப் பாரும்."

கேட்டேன். செம்மறிகளில் வைத்துப் பார்த்தார்களாம். "பார்க்காமல் விட்டிருந்தால் முதல் செம்மறி உங்கள் கணவர்தான்," என்றார் டாக்டர். கோபம் வரவேண்டிய பேச்சு. எனக்கோ அந்தச் செம்மறிகளைக் கும்பிடவேண்டும் போலிருந்தது. அவை பிழைத்தனவா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

அறுவைச் சிகிச்சைக்கு முதல்நாள் சிஞ்ஞோரா சாப்பாட்டு மேசையில் இருந்தபடி, கையெழுத்துக் கேட்டு ஒரு விண்ணப்பத்தை நீட்டினார். மிருகப் பரிசோதனையை அடியோடு தடை செய்யவேண்டுமாம். பேனாவை எடுத்தேன். வைத்தேன்.

"நாளைக்கு வால்வு உள்ளே போகட்டும் சிஞ்ஞோரா. பிறகு பார்ப்போம்."

அவர் ஈரலைத் தொடாமல் எழுந்து போனார். அந்த வீட்டில் முதல் தடவையாக ஒரு கன்றுக்கு மரியாதை கிடைத்தது.

இவர் தேறிவிட்டார். நேர்த்தியும் முடிந்தது. ஆனாலும் பன்றி இறைச்சியை மட்டும் இவர் தொடுவதில்லை. "சொந்தக்காரரைச் சாப்பிட ஏலாது," என்கிறார்.

கோடையில் சிஞ்ஞோரா பழக்கூடையோடு பார்க்க வந்தார். திறந்த கைப்பையில் அதே விண்ணப்பம் தெரிந்தது. மூச்சு வாங்க ஏறி வந்தவர், கதிரையில் இருந்து இளைப்பாறினார். பிறகு இவருடைய நெஞ்சில் காதை வைத்துக் கேட்கலாமா என்றார். வைத்தார். கண் கலங்கியது.

"பாவம், அந்தப் பிராணி உள்ளே எப்படி உழைக்கிறது!"

"உழைக்கிறது இவருடைய நெஞ்சுதான் சிஞ்ஞோரா. அது வீட்டு வேலைக்கு நிற்கும் எங்களைப்போலக் கதவைத் திறந்து மூடுகிறது, அவ்வளவுதான்."

அவர் கைப்பையை மூடிக்கொண்டு எழுந்தார். விண்ணப்பம் பைக்குள்ளேயே இருந்தது. இவர் அவரைத் தெருவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வரப் போனார். நான் வாசலில் நின்று, திரும்பி ஏறும் காலடியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு திருப்பத்திலும் அது நிற்கவில்லை.