நாலு கழுத்துக்கு ஒரு டை

போன ஞாயிற்றுக்கிழமை அலுமாரியை ஒதுக்கிக்கொண்டிருந்த என் மனைவி, பூச்சி உருண்டை வாசத்தோடு ஒரு டையைத் தூக்கிக் காட்டினாள். கபில நிறம், குறுக்கே மஞ்சள் கோடுகள், கழுத்து முடிச்சு போட்டது போட்டபடி.

"இதத் தூக்கிப் போடவா, வச்சுக்கவா?"

"கழுவி வை" என்றேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன். என் வாய்க்கு அது எப்போதும் உள்ள வியாதி.

பூச்சி உருண்டை என்றால் மற்றவர்களுக்குப் பட்டுச்சேலை ஞாபகம் வரும். எனக்கு வருவது கண்டி டவுனில் இருந்த எங்கள் கம்பெனித் தலைமை அலுவலகத்தின் கக்கூஸ். அங்கே பீங்கானுக்குள் வெள்ளை உருண்டைகள் போட்டு வைத்திருப்பார்கள். நேர்முகப் பரீட்சைக்கு வந்தவர்களை உட்காரவைக்கும் வாங்கு அதன் வாசலில்தான் கிடந்தது. வரப்போகும் மேனேஜருக்கு அவர்கள் கொடுத்த முதல் மரியாதை அது.

அப்போது நான் பேராதனையில் அந்தக் கம்பெனியின் தேயிலைப் பொதியிடும் ஸ்டோரில் பதில் முகாமையாளர், அதாவது தற்காலிகம். பழைய முகாமையாளர் மகனைப் பார்க்கக் கனடாவுக்குப் போனார். "ஒரு மாசம் பாத்துக்கங்க" என்றார். இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டேன். லொறி நான், தொழிலாளர் சண்டை நான், மழைக்கு ஒழுகும் கூரையும் நான். ரப்பர் முத்திரையில் மட்டும் 'பதில்' என்ற சொல் போகவில்லை. கலஹாவில் கொழுந்து பறித்தவர்களின் மகன் நான். எங்கள் தோட்டத்து லயத்திலிருந்து மேனேஜர் என்று எவனும் கையெழுத்துப் போட்டதில்லை. அந்த ஒரு சொல்லைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்று எனக்கிருந்த ஆசையைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கும் இப்போது சிரிப்புத்தான் வருகிறது.

நான் செய்துகொண்டிருந்த வேலைக்கே என்னை விண்ணப்பிக்கச் சொன்னார்கள். காலை எட்டரைக்கு வா என்று கடிதம். பதினொன்று வரை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு பியோன் வந்து எங்கள் கழுத்துகளை ஒரு பார்வை பார்த்தார்.

"டை நெத்துவ பே, மாத்தயா. டை இல்லாம உள்ள விட வேணாம்னு நோனா சொன்னது."

நோனா என்றால் கொழும்பிலிருந்து வந்திருந்த மனிதவள அம்மணி. கடிதத்தில் டை என்று ஒரு வார்த்தை கிடையாது. ஆறு பேரில் இரண்டு பேர் மட்டும் கட்டியிருந்தார்கள். என் சட்டைப் பையில் முதல் நாள் நடைபாதையில் வாங்கிய டை ஒன்று சுருட்டிக் கிடந்தது. வாங்கத் தெரிந்த எனக்குக் கட்டத் தெரியாது. பக்கத்தில் இருந்தவர் கையை நீட்டினார். அக்குறணை ஆள், பெயர் நிசாம், சேலை முதல் டை வரை விற்கும் மாமாவின் புடவைக் கடையைப் பார்த்துக்கொள்பவர்.

"இங்க தாங்க மச்சான். டை விக்கிறவன் நான்."

"விக்கிற நீங்க ஏன் கட்டிட்டு வரல?"

"சீனி விக்கிறவன் முழு நாளும் சீனியா தின்றான்?"

தன் கழுத்தில் போட்டு அழகாக ஒரு முடிச்சுப் போட்டார். தளர்த்திக் கழற்றி என் தலைவழியாக மாட்டிவிட்டார். நான் உள்ளே போய் வந்ததும் அது நிசாம் கழுத்துக்குப் போனது. பிறகு இன்னும் இரண்டு பேருக்கு. ஒரே டை ஒரே அறைக்குள் நாலு தடவை போய் வந்தது. உள்ளே கண்ணாடி போட்ட மூன்று பேர் இருந்தார்கள். எல்லாம் ஒரே டை என்பது ஒருவர் கண்ணுக்கும் படவில்லை.

அவர்கள் கேட்ட கேள்விகளைக் கேளுங்கள். ஐந்து வருஷத்தில் எங்கே இருப்பீர்கள்? உங்கள் பலவீனம் என்ன? நீங்கள் ஒரு மிருகம் என்றால் என்ன மிருகம்? கண்டியில் வைத்து இதைக் கேட்டால் ஒருவன் என்ன சொல்வான்? ஆறு பேரும் யானை என்றோம். அம்மணி ஆறு தடவையும் "ஆ, சுவாரசியம்" என்று எழுதிக்கொண்டார். தேயிலையைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. மூன்றாவது மனிதர் போனில் எதையோ தடவிக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்து இரண்டாம் சுற்று. என்னையும் நிசாமையும் கூப்பிட்டிருந்தார்கள். ராசியான டை என்று, நிசாம் போட்ட முடிச்சை அவிழ்க்காமல், அதையே மாட்டிக்கொண்டு போனேன். அந்த மூன்று பேரில் நடுவில் இருந்த குழுத் தலைவர் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"மஞ்சள் கோடு! நல்லா ஞாபகம் இருக்கு. புடவைக் கடையில பதினொரு பேரை வச்சு வேலை வாங்குறவர் நீங்கதானே?"

"இல்ல சேர். நான் உங்க பேராதனை ஸ்டோர்ல பதில் முகாமையாளர். ரெண்டு வருஷமா."

அவர் தாள்களைப் புரட்டினார். "அப்ப புடவைக் கடை யாரு?"

"மஞ்சள் கோட்டு டை போட்டவர்" என்றார் அம்மணி.

இரண்டு வருஷம் மாதம் தவறாமல் இந்த மனுஷனுக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறேன். ஸ்டோருக்கு வந்து என் மேசையில் உட்கார்ந்து நான் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு என் முகம் தெரியவில்லை. டைதான் தெரிந்தது. அவமானமாக இருந்தது, வேறு சொல் கிடையாது. அதற்குப் பிறகு கேட்டவற்றுக்கு என்ன சொன்னேன் என்பது எனக்கே தெரியாது.

எனக்குப் பின்னால் போன நிசாமிடம் தேயிலைத் தூள் ரகங்களை விசாரித்தார்களாம். வெளியே வந்து மணிக்கூட்டுக் கோபுரத்தடிக் கடையில் இரண்டு பேரும் பிளேன்டீ குடித்தோம்.

"அவங்களுக்கு நீங்களும் நானும் ஒரே கழுத்துதான் மச்சான்" என்றார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. அன்றைக்கு அழாமல் வீடு போய்ச் சேர்ந்தது அந்த மனுஷனால்தான்.

வேலை எங்கள் இருவருக்கும் இல்லை. ஒரு டைரக்டரின் மச்சினன், வாங்கு பக்கமே வராதவன், டீசேர்ட்டோடு பக்கக் கதவால் போனவன், அவனுக்குத்தான். எனக்கு வந்த கடிதத்தில் 'தங்கள் விண்ணப்பம் கவனத்தில் வைத்துக்கொள்ளப்படும்' என்று ஒரு வரி. அடுத்த வரியில் 'புதிய முகாமையாளரைப் பயிற்றுவிக்கவும்.' நாய்க்கு வேலை இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்களே, என் நிலை அதுதான். நாலு மாதம் பயிற்றுவித்தேன். அவன் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். முத்திரை திரும்பவும் என் மேசைக்கு வந்தது, 'பதில்' என்ற சொல்லோடு. மறுபடி விண்ணப்பம் கோரினார்கள். நான் போடவில்லை. கடைசியில் கம்பெனியை மூடியபோது ஆட்களுக்குக் கொடுத்த கடிதங்களில் விழுந்ததும் அதே முத்திரைதான். ஒரு கம்பெனியை மூடுவதற்கு மட்டும் பதில் ஆள் போதும் போலிருக்கிறது.

அந்தக் கட்டடத்தில் இப்போது போன் கடைகள். வாங்கு எங்கே போனதோ தெரியாது. நிசாம் கட்டாருக்குப் போனார். பெருநாளைக்குப் பெருநாள் பேசுவோம். "டை இன்னும் ஈக்கிதா?" என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பார். போன வருஷம் அவர் நம்பரிலிருந்து அவர் மகன் பேசினான். வாப்பா மௌத்தாகி ஒரு கிழமை, அடக்கமும் முடிந்துவிட்டது என்றான்.

சாயங்காலம் மனைவி டையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். கழுவி, காயவைத்து, ஸ்திரிக்கை போட்டிருந்தாள். தட்டையாக, பட்டியாகக் கிடந்தது.

"முடிச்சு இறுகிப் போயிருந்துச்சு. ஊசி வச்சு நெம்பித்தான் அவுத்தேன்" என்றாள், பாராட்டை எதிர்பார்த்து.

அவள்மேல் என்ன பிழை? கழுவச் சொன்னவன் நான். அந்த இரண்டு சுற்றிலும் ஒருவர் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அந்த முடிச்சுதான். கழுத்தில் போட்டுப் பார்த்தேன். எனக்கு இன்றைக்கும் கட்டத் தெரியாது.