பாலத்தருகே நிறுத்திய ஆட்டம்

சூளகிரியில் நானும் சங்கரும் ஒரே அறை. கம்பெனியில் வேறு வேறு ஷிப்ட். எங்கள் வீடியோ கேமில் விட்ட இடத்தைச் சேவ் செய்து வைக்கும் வசதி கிடையாது. ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைக்கும் பாஸ் பட்டனை அழுத்திவிட்டு ஒருவன் வேலைக்குப் போனால், மற்றவன் வந்து தொடர்வான்.

"கேம்ல பாலத்துகிட்ட பாஸ்ல வெச்சிருக்கேன், ஆஃப் பண்ணிடாதடா" என்று சொல்லிவிட்டுப் போன சங்கர், நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்துவிட்டான். அந்த ஆட்டத்தை அணைக்க எனக்கு மனம் வரவில்லை. கரண்ட் போய் அதுவாகவே அழிந்தது.

சில வருடங்களில் அதே கேம் புது சிடியாக வந்தது.

"பழைய கேமுக்கு இவ்ளோ விலையா?" என்றேன்.

"இதுல சேவ் பண்ணிக்கலாங்க" என்றார் கடைக்காரர்.

வாங்கிவிட்டேன். ஆனால் சேவ் செய்வதில்லை. வேலைக்குக் கிளம்பும்போது பாலத்தருகே பாஸில் வைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறேன். திரும்பி வந்ததும், ஆட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறதா என்று முதலில் திரையைப் பார்க்கிறேன்.