நீரில் கரைந்த குழல்கள்

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் சாரம் என்ற பகுதியில் ஒரு சின்ன லேபில் வேலை பார்த்தேன். ஊராருடைய மூத்திரம்தான் என் பிழைப்பு. வைத்திக்குப்பத்து மீன்காரப் பெண்களின் சாம்பிளை மைக்ராஸ்கோப்பில் வைத்தால், கண்ணாடிக் குழல்கள் போலச் சில எப்போதும் கிடக்கும். கூடையோடு தெருத்தெருவாகப் போகிறவர்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. அதனால் வியாபாரம் முடியும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். என் அக்காவும் அப்படிக் கூடை சுமந்து மீன் விற்றவள்தான்.

எங்கள் டாக்டர் விளக்கினார். அந்தக் குழல்கள் சிறுநீரகமே சுரக்கும் ஒரு புரதம். எல்லோர் மூத்திரத்திலும் உண்டு. ஃப்ளூ கிருமி ரத்த அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பதை மூத்திரத்தில் ஏதோ தடுக்கிறதே என்று தேடிப்போன இரண்டு பேர் எப்போதோ கண்டுபிடித்தது. உள்ளே வரும் கிருமிகளைப் பிடித்து வெளியே தள்ளுமாம். தண்ணீர் வற்றினால் மட்டும் சிறுநீரகத்தின் நுண்குழாய்க்குள்ளேயே உறைந்து, அந்த வடிவத்திலேயே வெளியே வரும். தெளிவாக இருக்கும்வரை பயமில்லை, உள்ளே மணல் மாதிரி தெரிந்தால் சிறுநீரகம் கெடுகிறது, விட்டுவிடாதே என்றார்.

அக்கா முழங்கால் வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கித் தின்றுகொண்டே இருந்தாள். ஒருநாள் அவள் பாதம் வீங்கியிருந்ததைப் பார்த்தேன். வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று எனக்குத் தெரியும். காலையில் எழுந்ததும் முதல் மூத்திரத்தைப் பிடித்து வா என்று பாட்டிலைக் கொடுத்தேன். கொண்டுவந்தது பச்சைத் தண்ணீர் போல இருந்தது. ஸ்லைடில் ஒரு குழல்கூட இல்லை. புரதம் அதிகம் இறங்குகிறதா என்று சூடுகாட்டிப் பார்த்தேன், கலங்கவும் இல்லை. அடர்மஞ்சளாக இருக்க வேண்டிய காலை மூத்திரம் ஏன் இவ்வளவு வெளுப்பு என்று கேட்கத் தோன்றாத முட்டாள் நான். 'நார்மல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மூன்று மாதம் கழித்து அவளுக்கு முகம் ஊதி, மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அவள் சாம்பிளை நானே கேட்டு வாங்கிப் பார்த்தேன். அகலமாக, பழுப்பாக, உள்ளே முழுக்க மணலோடு குழல்கள் மொய்த்துக் கிடந்தன. கட்டிலருகே போய், அன்றைக்கு மட்டும் எப்படி அவ்வளவு தெளிவாக இருந்தது என்று கேட்டேன்.

"நீ பாக்கப் போறியேன்னு வெக்கமா இருந்துச்சுடி. மொதோ தபா கலங்கலா வந்துச்சு. அத்த கொட்டிட்டு, ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சிட்டுதான் புடிச்சேன்."

நீர்த்துப்போனால் குழல்கள் கரைந்துவிடும். அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. மாத்திரையையாவது நிறுத்தினாயா என்று கேட்டேன். இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, நான்காக மடித்த காகிதத்தை என்னிடம் நீட்டினாள். என் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்.

"எதுக்கு நிறுத்தணும்? நீதான நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்த?"