பெரிய உடும்புக்கு மைக் பிடித்தவர்

மத்தியாஸ் அண்ணனும் நானும் நாலு வருஷம், ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டும் அரசாங்கப் படவண்டியில் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் வண்டியோட்டி. திரை கட்டுவது, ஜெனரேட்டரைக் கிளப்புவது, மைக்கையும் ஒலிபெருக்கியையும் ஒழுங்காக வைத்திருப்பது என் பொறுப்பு. அவர் மைக் பிடிப்பவர். படம் இங்கிலீஷில் ஓடும். அதில் வாய் அசைகிற ஒவ்வொருவனுக்கும் அவர் தமிழில் பேச வேண்டும். புக்கிட் ரோத்தான் மாதா கோயிலில் பாடிப் பழகிய குரல். “ஐயோ, ஓடுங்கள்!” என்று அவர் கத்தினால், திரையில் இருப்பவன் ஓடுவதற்குள் மைதானத்தில் உட்கார்ந்திருப்பவன் செருப்பைத் தேடுவான்.

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் ஒன்பதாவது வருஷத்தில் இருந்தது. தோட்டத்து ஜனங்களின் மனசை வெல்ல வேண்டும் என்று மேலே யாரோ முடிவு செய்திருந்தார்கள். ஜனங்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டாகிவிட்டது. காட்டுக்குச் சோறு போய்விடக்கூடாது என்று, ரப்பர் பால்வெட்டப் போகிறவர்களின் தூக்குச்சட்டியைக் கேட்டில் திறந்து பார்த்தாகிவிட்டது. அரிசியையெல்லாம் ஒரே கொட்டகையில் போட்டு வேகவைத்து, ஆளுக்கு இவ்வளவு என்று சோறாக அளந்தும் கொடுத்தாகிவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு மனசு என்று ஏதாவது மிச்சமிருந்தால் அதை வென்று வரச்சொல்லி எங்களை அனுப்பினார்கள்.

முதலில் கை கழுவுவது எப்படி என்று ஒரு படம். அப்புறம் காட்டில் இருப்பவர்கள் சரணடைவது எப்படி என்று ஒரு படம். லயத்தில் உட்கார்ந்திருப்பவன் எங்கே போய்ச் சரணடைவது என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் மரியாதையாகப் பார்த்தார்கள். ஏனென்றால் மூன்றாவதாக உடும்புப் படம் வரும்.

அந்தப் படத்தை எடுத்தவனிடம் டுயிட் இல்லை, கையில் காசே கிடையாது என்பது முதல் ரீலிலேயே தெரிந்துவிடும். கடலிலிருந்து தென்னைமர உயரத்துக்கு ஓர் உடும்பு எழுந்து வரும். உள்ளே ஒரு மனுஷன் இருக்கிறான். அவன் மூச்சு வாங்குவதுகூடத் தெரியும். கட்டடமெல்லாம் அட்டை. ரயில் பொம்மை. உடும்பு வலது பக்கம் நிற்க, கதாநாயகி இடது பக்கம் பார்த்து அலறுவாள். எங்கள் ஜனங்களோ ரப்பரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். உடும்பின் முழங்கால் மடிப்பைப் பார்த்ததும் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்: “ரெண்டாந்தரம் ரப்பர் ஷீட்டுலா. புகை சரியாப் போடல.”

அப்படிச் சொன்னவர்கள்தான் உடும்பு வந்ததும் எழுந்து நின்று கை தட்டினார்கள். போலி என்று தெரியும், தெரிந்தால் என்ன? அது வேலியை மிதித்தது. போலீஸ் நிலையத்தை வாலால் ஒரு தட்டுத் தட்டியது. மாடி வைத்த பங்களாவைக் கூரையோடு பிய்த்தது. மேலே இருந்தவர்களுக்கு மட்டும் இது பயங்கரப் படம். அறுபது முறை பார்த்த மத்தியாஸ் அண்ணனுக்கே அந்த உடும்பின்மேல் ஆசை. கடைசியில் பீரங்கி அதைச் சுடும்போது அவர் குரல் தானாகத் தழைந்துபோகும். சுட்டவன் வெற்றி முழக்கம் செய்வான். இவர் அதை எழவு வீட்டில் பேசுவதுபோலப் பேசுவார்.

படத்தைச் சும்மா காட்டினால் அரசாங்கம் எதற்கு? இரண்டாவது ரீல் முடிந்ததும் மைக்கில் ஒன்று சொல்ல வேண்டும் என்று தாளில் அடித்துக் கொடுத்திருந்தார்கள்: “இந்த உடும்புதான் காட்டில் இருக்கும் பயங்கரவாதி. இதற்குச் சோறு போடுகிறவன் ஊருக்கே எதிரி.” ஒவ்வோர் ஊரிலும் மத்தியாஸ் அண்ணன் இதைச் சொல்லுவார். எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது தற்காலிக வேலை. அவர் வேலை நிரந்தரமானால் கோலா சிலாங்கூரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் வீடு கிடைக்கும். முரியல் அண்ணி வாடகை வீட்டுக்காரியின் வாய்க்குப் பயந்து வாழ்ந்துகொண்டிருந்தார். அந்த மாதச் சுற்று முடிந்ததும் எங்கள் இலாகா துரை அதற்குக் கையெழுத்துப் போடுவதாக இருந்தது.

அந்தச் சுற்றில்தான் கெர்லிங் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போனோம். மத்தியாஸ் அண்ணன் தாளில் இருந்ததை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அடுத்த ரீலில் உடும்பு ஒரு கிடங்கைக் கவிழ்த்துப் போட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து காளியம்மா எழுந்தாள். பால்வெட்டுகிறவள்; குரல் பத்து நிரை ரப்பர் மரம் தாண்டிக் கேட்கும். தோட்டத்தில் யார் வந்தாலும் கேட்கிற முதல் கேள்வி, சாப்பிட்டாச்சா என்பதுதான். அதை அவள் உடும்புக்காகக் கேட்டாள்.

“அட பாவமே, எத்தன நாளாப் பட்டினியோ! யாராச்சும் அதுக்கு ஒரு வாய் சோறு போட்டீங்களாடா? வவுறு நெறஞ்சா அது பாட்டுக்குப் போயிரும்லா. எங்க லயத்துக்கு வரச் சொல்லுங்க, நான் போடுறேன்!”

மைதானம் சிரித்தது, விசில் பறந்தது. முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தோட்ட ஆபீஸ் கணக்கர், கிராணி சிவானந்தம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் காளியம்மாவைப் போலீஸ் கொண்டுபோனது. பயங்கரவாதிக்குச் சோறு போடுவேன் என்று நானூறு பேர் முன்னால் சொன்னாளாம். விசாரணை இல்லாமலே இரண்டு வருஷம் உள்ளே வைக்கச் சட்டம் இருந்தது. அவளுக்கு மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளை இன்னும் பால்குடி மறக்கவில்லை.

எங்களையும் கூப்பிட்டார்கள். தோட்ட ஆபீஸுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மத்தியாஸ் அண்ணன் கேட்டார்.

“நேத்து நான் அதச் சொன்னேனாடா?”

“சொன்னீங்கண்ணே. நல்லாவே சொன்னீங்க.”

“நல்லாச் சொன்னதுதான் வினையாப் போச்சு” என்றார்.

உள்ளே எங்கள் துரையும் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரும் இருந்தார்கள். சிவானந்தம் சுவரோரம் நின்றார். இன்ஸ்பெக்டருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். உடும்பென்றால் பயங்கரவாதி என்று மைக்கில் சொன்ன பிறகு அவள் கத்தினாளா? ஆமென்றால் அவள் கூப்பிட்டது பயங்கரவாதியை. இல்லையென்றால் வெறும் உடும்பை. உடும்புக்குச் சோறு போடக்கூடாது என்று அதுவரை சட்டம் வரவில்லை.

“மறந்துட்டேன் சார்” என்றார் மத்தியாஸ் அண்ணன். “நேத்து அதச் சொல்லவே இல்ல.”

துரை நிமிர்ந்து பார்த்தார். “அறுபது முறை சொன்னதை எப்படி மறந்தாய்?”

“படத்துல லயிச்சுட்டேன் சார். நல்ல படம்.”

சிவானந்தம் தன் காதால் கேட்டதாகச் சத்தியம் செய்தார். லயத்து ஆட்களில் பத்துப் பேரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பத்துப் பேரும், மைக்கு கரகரன்னுச்சு, ஒண்ணும் விளங்கல என்று ஒரே வாயாகச் சொன்னார்கள். அதைக் கேட்டதும் துரைக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. மைக் கெட்டிருந்தால் மத்தியாஸ் மேல் குற்றமில்லை. தாளில் இருந்ததை மத்தியாஸ் சொன்னான், ஆனால் ஜனங்களுக்குக் கேட்கவில்லை என்று எழுதி எல்லாவற்றையும் மூடிவிடலாம். துரை என் பக்கம் திரும்பினார்.

“மைக் பழுதா?”

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் என் வேலையும் தற்காலிகம். என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது என்று சொன்னால் அது பொய். நன்றாக யோசித்துத்தான் சொன்னேன்.

“மைக் நல்லாத்தான் இருந்துச்சு சார். படம் தொடங்கினதும் நான் வண்டியில தூங்கிட்டேன்.”

மத்தியாஸ் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தன் பிழைப்பைக் கெடுத்துக்கொள்ள எவனும் பொய் சொல்லமாட்டான் என்று இன்ஸ்பெக்டர் முடிவு கட்டி, மத்தியாஸ் அண்ணன் சொன்னதையே எழுதிக்கொண்டார். காளியம்மா அன்று சாயங்காலமே வீடு திரும்பினாள். மத்தியாஸ் அண்ணனைக் கடமை தவறியதற்காக வேலையிலிருந்து நீக்கினார்கள். புக்கிட் ரோத்தானில் ஒரு கொப்பரைக் கொட்டகையில் தேங்காய் உரிக்கப் போனார்.

கருவிகளைப் பழுதில்லாமல் வைத்திருந்ததைப் பாராட்டி, அடுத்த மாதம் என் வேலையை நிரந்தரமாக்கினார்கள். அந்தச் செய்தியைச் சொல்ல எனக்கு எப்படித்தான் மனசு வந்ததோ, அவரைத் தேடிப் போனேன். அவர் கையிலிருந்த நாரைத் துடைத்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “உனக்காவது கெடச்சுதேடா, சந்தோஷம்” என்றார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். அன்றைக்கு அவர் என்னை ஒரு அறை அறைந்திருந்தால் இத்தனை வருஷம் இதை நான் சுமந்துகொண்டிருக்க மாட்டேன்.